தண்ணீரின் குணம் எழுதினார்கள்

குற்றாலநாதருக்குத் தலைவலி உண்டு. திருமாலாக நின்றவரை அகத்தியர் தலையில் கைவைத்து அமுக்கிச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது தலபுராணம். அந்த அமுக்கில் வந்த வலி இன்னும் தீரவில்லையாம். அதற்காக மூலிகைத் தைலம் காய்ச்சிச் சாத்துகிறார்கள். பக்கத்திலேயே பேரருவி விழுந்துகொண்டிருப்பதால் சளி பிடித்துவிடக் கூடாதென்று கஷாயமும் நைவேத்தியமாகிறது. எங்கே வலிக்கிறது, எதனால் வந்தது, எதைக் கொடுத்தால் இறங்கும் என்று மூன்றும் பதிவாகியிருக்கும் நோயாளி இந்தச் சீமையில் நெடுங்காலம் அவர் ஒருவர்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அருவிக்கரைக்கு வந்துபோன மற்ற லட்சோபலட்சம் பேரின் வலியை யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுதுகிற ஆட்கள் வராமல் இல்லை. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் அடித்தது. காரணம் கண்டறியச் சென்னை அரசாங்கம் ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. குழுவில் இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஐன்ஸ்லி. அவர்களுடைய அறிக்கை 1816இல் லண்டனில் அச்சாயிற்று. அதன் தலைப்பே மருத்துவ, புவியியல், வேளாண்மை அறிக்கை என்றுதான் இருக்கும். மண், மலை, குளம், காற்று, மழை எல்லாம் அதன் கணக்கில் வரும். தேங்கிய நீரிலும் அழுகிய தழையிலும் கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சல் என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் அது. மலேரியாவைக் கொசுவோடு ரொனால்ட் ராஸ் சேர்த்துக் காட்டியது 1897இல்தான். ஆகவே காற்றை விசாரித்ததைக் குறை சொல்வதற்கில்லை. காய்ச்சலில் கிடந்தவன் என்ன பட்டான், அவன் வீட்டில் யார் கஞ்சி வைத்தார்கள், நாற்று நட ஆள் இல்லாமல் வயல் என்ன ஆயிற்று என்று கேட்பது மருத்துவனின் வேலை என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதே ஐன்ஸ்லி பிறகு 1826இல் வெளியிட்ட மருந்துப்பொருள் நூலில் நம்முடைய சரக்குகளின் தமிழ்ப் பெயர்களை எல்லாம் அக்கறையாகக் குறித்தார். மருந்துக்குத் தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டது. தமிழ் பேசிய நோயாளிதான் நூலுக்குள் வரவில்லை.

குற்றாலமும் அப்படித்தான் ஏட்டில் ஏறியது. சாரல் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, பாளையங்கோட்டை வெயில் தாங்காத துரைமார் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கே வந்து தங்கினார்கள். அவர்கள் கட்டிய பங்களாக்கள் சில இன்றும் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் வாசனைப் பயிர்த் தோட்டமும் போட்டார்கள். பாறையில் விழும் நீரின் குளிர்ச்சி, மலைக்காற்றின் மென்மை, எந்த மாதம் வரலாம், எந்த மாதம் காய்ச்சல் மாதம் என்று எழுதினார்கள். இன்றைக்கு லாட்ஜ் வாசலில் ஒட்டியிருக்கும் விளம்பரமும் மூலிகை கலந்த தண்ணீர் என்று அதே நீரின் குணத்தைத்தான் பாடுகிறது. இரு நூற்றாண்டுகளாக அருவிக்கு மட்டும் நற்சான்றிதழ் எழுதிக்கொண்டே இருக்கிறோம்.

அப்படியென்றால் அன்று நோயாளி வாயே திறக்கவில்லையா? திறந்தான். ஊர்க் கொடையில் சாமியாடியின் முன்னால் நின்று குறி கேட்கும்போது குடும்பமே சேர்ந்து வாயைத் திறந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவரின் கைக்குக் கீழே குப்புறக் கிடந்தபடி நாற்பது வருஷத்து இடுப்பு வலியின் வரலாறு முழுவதும் வெளியே வந்தது. மருத்துவச்சி வெந்நீர் ஊற்றும்போது பெண்கள் மாமியார் காதில் விழாத குரலில் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்குக் கேட்க ஆள் இருந்தது, எழுத ஆள் இல்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நம்முடைய வைத்திய மரபில் கேட்காமல் சொல்கிறவருக்குத்தான் மதிப்பு. நோயாளி கையை நீட்ட வேண்டும், வைத்தியர் மூன்று விரல் வைக்க வேண்டும், அரை நிமிஷத்தில் நேற்று ராத்திரி சாப்பிட்டது முதல் சொல்லிவிட வேண்டும். என்ன செய்கிறது என்று அவர் கேட்டுவிட்டால் ஊரில் மரியாதை குறைந்துபோகும். சித்த மருத்துவத்தின் நாடி பார்த்தலைப் பற்றி 1984இல் எழுதிய இலங்கைத் தமிழரான மானுடவியலாளர் இ. வேலன்டைன் டேனியல், வைத்தியரின் நாடியும் நோயாளியின் நாடியும் ஒன்றாகக் கலந்து துடிக்கும் ஒரு கணத்தைப் பற்றிச் சொல்கிறார். பேச்சே வேண்டாத அளவுக்கு நெருங்கிப்போவது என்று அதை எடுத்துக்கொள்ளலாம். நெருக்கம்தான், ஆனால் எழுந்து போகும்போது நோயாளிக்குச் சொல்ல வேண்டியது மிச்சமிருந்ததா என்று யாருக்குத் தெரியும்?

பிறகு பெரிய ஆஸ்பத்திரிகள் வந்தன. 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியதிலிருந்து தென்காசிப் பக்கத்துச் சனங்களுக்கு ஐகிரவுண்டு என்றாலே அதுதான். பாளையங்கோட்டை மேட்டுத்திடலில் இருப்பதால் வந்த பெயர். ஐகிரவுண்டுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க என்று ஒரு வீட்டில் சொன்னால் அந்தத் தெருவே கலங்கிப்போகும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் போய் உட்காரும் நேரத்தில் கேட்கப்படுவது ஒரே கேள்வி. பதிலின் முதல் வாக்கியம் முடிவதற்குள் மருந்து எழுதி ஆகிவிடும். டாக்டரையும் குற்றம் சொல்ல முடியாது. நோயாளியின் முதுகுக்குப் பின்னால் இன்னும் நூறு பேர். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22ஆம் தேதி. ஊரிலேயே மாவட்டத் தலைமை மருத்துவமனை இருப்பதால் பஸ் செலவு மிச்சமானது, வரிசை மிச்சமாகவில்லை.

மனநோயைப் பற்றிச் சொல்லாமல் குற்றாலத்தைத் தாண்ட முடியாது. கிறுக்குப் பிடித்தால் குற்றாலத்துக்குக் கூட்டிப் போ என்பது தென்பாண்டிச் சீமையில் பழகிப்போன பேச்சு. நாட்கணக்கில் தங்கவைத்து, அருவிக்கு அடியில் பிடித்து நிறுத்தி, தெளிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்ப்பார்கள். கேலியாக எறியும் வசவாகவும் அது மாறிவிட்டது. தண்ணீருக்கு அடியில் நிறுத்தப்பட்டவருக்கு அது எப்படி இருந்தது, கூடவே நனைந்து நின்ற அண்ணனுக்கு எப்படி இருந்தது என்று ஒரு பதிவும் என் கண்ணில் பட்டதில்லை.

இதற்கு மிக அருகில் வரும் பதிவு வேறொரு இடத்திலிருந்து கிடைத்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். நாடே பதறியது, தர்கா, கோயில் என்று நோயாளிகளைக் கொண்டுபோய் விடுகிற எல்லா இடங்களின் மேலும் சந்தேகம் விழுந்தது. அந்தப் பதற்றம் அடங்குமுன், 2002 ஜூலையில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆர். ரகுராமும் அவருடைய சகாக்களும் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்திருந்தார்கள். கடும் மனநோய் உடையவர்கள். கோயிலில் மருந்தும் இல்லை, தனிப்பட்ட சடங்கும் இல்லை. துணைக்கு வீட்டு ஆள் ஒருவர் கூட இருப்பார். காலையில் பூசை, பிறகு கோயில் வளாகத்தைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்ன வேலைகள். சராசரியாகச் சில வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. மிரட்டாத, பரிவான இடத்தில் இருந்ததுதான் காரணமாயிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. எண்ணிக்கை சின்னது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு கிடையாது, இதை வைத்து மாத்திரையை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. அந்த மருத்துவர்கள் அங்கே போய் உட்கார்ந்து, ஏன் இங்கே வந்தீர்கள் என்று குடும்பங்களைக் கேட்டார்கள். அருவிக்கரையில் யாரும் கேட்காத கேள்வி அது.

அந்தச் சமயத்தில் வெளியுலகிலும் காற்று இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. டாக்டர் பார்க்கும் நோய் ஒன்று, அதை வைத்துக்கொண்டு மனிதன் படும் பாடு வேறொன்று, இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் வைத்தியம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் 1988இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆக்ஸ்போர்டில் மார்பகப் புற்றுநோய் வந்த டாக்டர் ஆன் மெக்பெர்சனும், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட மருந்தியலாளர் ஆண்ட்ரூ ஹெர்க்ஸ்ஹைமரும், மருத்துவம் படித்த தங்களுக்கே நோயாளியாக இருப்பது என்றால் என்னவென்று தெரியாமல் போயிற்றே என்று சேர்ந்து யோசித்து, நோயாளிகளின் பேட்டிகளை முறைப்படித் திரட்டும் வேலையைத் தொடங்கினார்கள். 2001இல் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. டாக்டர்களுக்கே படுக்கையில் விழுந்த பிறகுதான் புத்தி தெளிகிறது என்றால் நாம் என்ன சொல்ல.

தென்காசிக்காரர்கள் இதற்கு ஆக்ஸ்போர்டு வரை போக வேண்டியதில்லை. ஊரை ஒட்டினாற்போல ஆய்க்குடி இருக்கிறது. அவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975 ஜனவரியில், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடி. கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் ஊர் திரும்பினார். தனக்கு வைத்தியம் பார்த்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்து 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஓலைக் கொட்டகையில், ஐந்து பிள்ளைகளோடு ஆரம்பித்த பள்ளிக்கூடம். தசைநலிவு நோய் உள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் 1992இல் வந்து சேர்ந்தார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே முடிவெடுக்கும் நாற்காலி சக்கர நாற்காலியாக இருந்தது என்பது. படுக்கைப்புண் என்றால் என்ன, ஒரு டம்ளர் தண்ணீருக்கு அடுத்தவரை எத்தனை முறை கூப்பிடலாம் என்கிற கூச்சம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் அறிக்கை எழுதித்தர வேண்டியிருக்கவில்லை.

எண்பதுகளில் அந்தக் கொட்டகைக்குத் தூக்கிவரப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு இளம்பிள்ளை வாதம். போலியோ என்றால் காரணம் ஒன்று, பார்த்தால் தெரிகிற கால், அதற்கு ஒரு காலிப்பர். தாயிடம் கேட்க அதிகம் இல்லை என்று நினைக்க முடிந்தது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. இன்று வருகிற பிள்ளைகளுக்கு மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், வளர்ச்சித் தாமதம். 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஊனம் ஏழு வகை. 2016ஆம் வருஷத்துச் சட்டத்தில் 21. இவற்றில் பலவற்றுக்கு எக்ஸ்ரேயில் விடை கிடையாது. பிள்ளைக்கு எப்போது கழுத்து நின்றது, எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறது, யார் ஊட்டினால் வாங்குகிறது என்று தாய் சொன்னால்தான் உண்டு. நோய்கள் மாறியதால் தாயின் பேச்சுக்கு விலை ஏறியது. நம் மனசு இளகியதால் வந்த மாற்றம் என்று இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

தூக்கிக்கொண்டு வா என்று சொன்ன காலம் போய், வீடு தேடிப் போகிற காலமும் வந்தது. ஆய்க்குடியிலிருந்து பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கையில் டேப்லட்டோடு கிராமங்களுக்குப் போகிறார்கள். இப்படிப்பட்ட வருகை ஒன்று எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இந்தப் பக்கத்து வீடு என்றால் பீடி இருக்கும். திண்ணையில் கால் நீட்டி, மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும். கை தன் பாட்டுக்குச் சுற்றும். பிள்ளை பக்கத்தில் பெல்ட் போட்ட நாற்காலியில். வந்த பெண்ணை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் பத்து நிமிஷம் பிள்ளையின் கையை நீட்டி மடக்குவதிலும், பந்தை எட்டிப் பிடிக்கச் சொல்வதிலும் போகும். பிறகு கேள்விகள்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க உலகம் முழுவதும் புழங்குகிற ஒரு கேள்வித்தாள் உண்டு. 13 கேள்வி. தூக்கம் கெடுகிறதா, உடம்புக்கு முடியாமல் போகிறதா, எங்கும் போக முடியாமல் அடைந்து கிடக்கிறீர்களா, வேலையை மாற்றிக்கொள்ள வேண்டி வந்ததா, பணக் கஷ்டமா என்று போகும். எப்போதும் என்றால் இரண்டு, சில சமயம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சுழி. மொத்தம் 26. தூக்கம் கெடுகிறதா என்று கேட்டதும் திண்ணையில் வருகிற பதில் இப்படி இருக்கும்: “தூக்கமா? இவ பொறந்ததுல இருந்து நான் எங்க டீச்சர் தூங்குனேன். நடுராத்திரி எந்திச்சு ஒக்காந்தா, சரி முழிச்சதுதான் முழிச்சோம்னு கால்கட்டு பீடி சுத்திருவேன்.” இதற்கு என்ன மதிப்பெண் போடுவது? இரண்டு போடலாம். ராத்திரி விழிப்பு அந்த வீட்டுக்குக் கூலியாகவும் மாறியிருக்கிறது என்பது அந்த இரண்டில் வராது. வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், “அவிய அப்பாவுக்கும் நாலு வயசுலதான் பேச்சு வந்துச்சாம், மாமியா சொல்லுதாவ, ஒண்ணும் செய்யாண்டாம்னு” என்று வரும். அதோடு சேர்ந்தே, போன மாதம் யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்ததும் வரும். எண்களுக்கு அப்பால் ஆழமாகப் பேட்டி எடுக்கும் ஆய்வுமுறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் திண்ணையைத்தான் காட்டுவேன்.

ஆய்க்குடி வேலையை வைத்து, கனடாவில் இருக்கும் ஆய்வாளர்களும் சேர்ந்து, சர்வதேச இதழ்களில் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் முன்னேற்றத்தோடு தாயின் பாரம் குறைந்ததா, பிள்ளைக்காகக் கேட்டு வாங்கும் தைரியம் அவளுக்கு வந்ததா என்பதும் அவற்றில் அளக்கப்படுகிறது. 1816ஆம் வருஷத்து அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும். அன்று மண்ணும் காற்றும் விசாரிக்கப்பட்டன. இன்று பீடி சுற்றும் ஒரு பெண் கூப்பிட்டு விசாரிக்கப்படுகிறாள், அதற்கு முன் அவளிடம் சம்மதக் கையெழுத்தும் வாங்குகிறார்கள்.

எனக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு. கேள்வித்தாள் பழகப் பழகத் தாய்மாரும் பழகிவிடுகிறார்கள். எந்தப் பதிலுக்கு டீச்சர் முகம் மலரும் என்று மூன்றாவது வருகையிலேயே தெரிந்துவிடும். கோயிலுக்குப் போனது அப்போது பேச்சிலிருந்து நழுவிவிடும். தகப்பன்மார் பெரும்பாலும் ஆளே காணோம். கேரளாவிலோ வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருக்கிறார்கள், இல்லையென்றால் கடைத்தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பாடு இருக்கத்தானே வேண்டும்? பிள்ளையின் கழுத்தையும் இடுப்பையும் விசாரிக்கும் கேள்விகள், காலை முதல் குனிந்திருக்கும் தாயின் கழுத்தையும் இடுப்பையும் போகிற போக்கில்தான் தொடுகின்றன. பீடித் தொழிலாளிக்கு 1966இல் ஒரு சட்டம், 1976இல் நலநிதிச் சட்டம் எல்லாம் வந்தன. வீட்டுத் திண்ணையில் சுற்றுகிறவளுக்கு நடுமுதுகில் எந்த இடத்தில் குத்துகிறது என்று கேட்க டேப்லட்டில் இடமில்லை.

அரசாங்கமும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவந்து தருகிறது. கடும் ஊனத்துக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2000 ரூபாய். இரண்டும் பெரிய காரியங்கள்தான், சந்தேகமே இல்லை. மாத்திரை தருகிற பெண்ணுக்கு அன்றைக்கு இன்னும் பல வீடு பாக்கி. அவரைப் போய் உட்கார்ந்து கதை கேளுங்கள் என்று சொல்ல மனசு வராது.

பல்கலைக்கழகங்களிலிருந்து ரெக்கார்டரோடு வருகிறவர்களிடம் மட்டும் ஒன்று கேட்கலாம். பேட்டி தமிழில் நடக்கிறது, தட்டச்சாகிறது, இங்கிலீஷாகிறது, துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுத் தலைப்புகளின் கீழ் அடுக்கப்படுகிறது, காசு கட்டிப் படிக்கும் இதழ் ஒன்றில் வெளியாகிறது. பேசியவளுக்கு அதில் ஒரு வரியும் திரும்பி வருவதில்லை. பாவூர்சத்திரத்திலோ கடையத்திலோ ஒரு கல்யாண மண்டபத்தை அரை நாளைக்குப் பிடித்து, பேசிய தாய்மாரை எல்லாம் கூப்பிட்டு, நீங்கள் சொன்னதிலிருந்து நாங்கள் விளங்கிக்கொண்டது இது என்று தமிழில் வாசித்துக் காட்ட என்ன செலவாகும்? ஒரு மைக்செட், டீ, வடை, பிள்ளைகளைத் தூக்கிவர ஆட்டோ வாடகை. நாங்க அப்படியா சொன்னோம் என்று பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டையையும் ரெக்கார்டரில் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த கட்டுரையை அதிலிருந்தே தொடங்கலாம்.